பள்ளிக்கூடம் உட்கார்ந்த விதம்

எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் உட்கார ஆரம்பிச்சது ஒரு புதன்கிழமை காலையில. அதை மொதல்ல பாத்தது நான்தான். தான்தான் மொதல்ல பாத்ததா இப்போ பதினாலு பேரு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க, திரியட்டும், வாய் அவங்களோடது. ஆனா எட்டே முக்கால் மணிக்குக் கையில வாரியலோட அந்த வாசல்ல நின்னது அவங்க யாரும் இல்ல, வெள்ளக்கல்பட்டிப் பால்வாடி ஆயா சண்முகக்கனி, அதாவது நான்.

எங்க பால்வாடி அதுக்கு முந்தி இருபத்திரண்டு வருசமா ஊருணிக்கரையில சிமெண்டு சீட்டு போட்ட ஒரு கொட்டகையில இருந்துச்சு. வெயில் காலத்துல பிள்ளைங்க உள்ள உக்காந்தே வெந்துபோகும், மழைக்காலத்துல ஒழுகாத எடம் பாத்துப் பாயை இழுத்து இழுத்துக் கடைசியில பன்னெண்டு பிள்ளைங்களும் ஒரே பாயில ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், நடுவுல ஒரு வருசம் நல்லபாம்பு ஒண்ணு சத்துமாவு டப்பாவுக்குப் பின்னால தன்னோட சட்டையை உரிச்சுப் போட்டுட்டு, யாரையும் ஒண்ணும் சொல்லாம, வந்த வழியே போயிருச்சு. ஒருநாள் சுவத்துக் காரை பெயர்ந்து சோத்துப் பானைக்குள்ள விழுந்துச்சு. அதுக்கு ரெண்டு நிமிசம் முந்திதான் பிள்ளைங்க அந்தப் பானையைச் சுத்தி உக்காந்திருந்துச்சுங்க. அன்னிக்கு நான் போட்ட சத்தம் ஆபீசு வரைக்கும் கேட்டுச்சோ என்னமோ, மூணாவது வாரம் உத்தரவு வந்துருச்சு: தொடக்கப்பள்ளியில மேற்குக் கடைசி ரூம் சும்மாதானே கெடக்கு, பால்வாடியை அங்க கொண்டுபோங்கன்னு. அப்பாடா, பிழைச்சோம்டா சாமின்னு நான் அந்தக் காகிதத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

ஆவணி வளர்பிறையில ஒரு திங்கக்கிழமை குடிபோனோம். வீடு மாறுனா எப்படியோ அப்படியே செஞ்சோம்; உப்பும் மஞ்சளும் நெறகொடம் தண்ணியும் மொதல்ல போச்சு, புது ரூம்ல பால் பொங்குச்சு, அப்புறம் தராசு, உயரம் பாக்குற பலகை, குக்கர், பாய், ஒரு காது போன மரக்குதிரை, எல்லாத்தையும் ஊர்ச்சனமே தலையில சுமந்து கொண்டுவந்து எறக்குச்சு. எங்க டீச்சருக்குப் பேரு பத்ரகாளி. பேருதான் அப்படி, மொய்க்கிற ஈயைக்கூட "கொஞ்சம் அந்தப் பக்கம் போறியா"ன்னு கேக்குற மனுசி. அவங்களே அன்னிக்குச் சத்தம் போட்டுச் சிரிச்சாங்க.

சிரிப்பெல்லாம் படி வரைக்கும்தான். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டுனவன் வெள்ளத்துக்குப் பயந்தவன் போல. கரிசல் காட்டுல, குடிக்கவே தண்ணியில்லாத ஊர்ல, தரையில இருந்து அஞ்சு படி தூக்கிக் கட்டி வச்சிருந்தான். ஒவ்வொரு படியும் எங்க பிள்ளைங்க முட்டிக்கு மேல இருந்துச்சு. தாழ்ப்பாள் எட்டாது, குழாய் எட்டாது, சன்னல் அவங்க தலைக்கு மேல எங்கேயோ இருந்துச்சு. ஹெட்மாஸ்டர் ஞானதுரை சாரு ஆறடி ரெண்டு அங்குலம், அவருக்கு மட்டும்தான் அந்தக் கட்டடம் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். "ஆயாம்மா, இது பெரிய பிள்ளைங்களுக்குன்னு கட்டுனது. உங்க பிள்ளைங்கதான் வளந்து வரணும்"ன்னாரு. "வளரத்தான் சார் செய்யும், அதுவரைக்கும் ஒண்ணுக்கு வந்தா என்ன செய்ய?"ன்னேன்.

மத்த பதினொரு பிள்ளைங்களையும் நானும் டீச்சரும் அக்குள்ல கையைக் கொடுத்துத் தூக்கித் தூக்கி ஏத்திட்டோம். பன்னெண்டாவது பிள்ளை நிவிஷா. நாலரை வயசு. கம்ப்யூட்டர் ஜாதகக்காரன் எழுத்துப் பாத்துக் கொடுத்த பேரு, வாய்ல நுழையாம நாங்க நிவின்னு சொல்லுவோம். பிறக்கும்போதே கால் ரெண்டும் மடங்கி இருந்துச்சு, நடை கிடையாது, தவழுவா. ஆனா என்ன தவழல்ங்கிறீங்க! கையை ஊனி ஊனி அவ வர்ற வேகத்துக்கு ஓடுற பிள்ளை வழிவிடணும். பழைய கொட்டகை தரையோட தரையா இருந்ததால வாசல்ல அம்மா எறக்கி விட்டா, தானே உள்ள போவா, தானே தண்ணி குடிப்பா, தானே வெளியே வருவா. அவகிட்ட ஒரே ஒரு சொல்லு உண்டு, "நானே." யாராவது தூக்கப் போனா கடிச்சிருவா. என் கையில இப்பவும் நாலு பல்லு தடம் இருக்கு, பாக்கணும்னா பாருங்க.

அவ அம்மா வேலுத்தாய். புருசன் திருப்பூர்ப் பக்கம் போனவன், போன் மட்டும் வரும். அவ முந்தி வீட்டுலயே தீப்பெட்டி ஒட்டிக்கிட்டிருந்தா. அடுப்பு ஒரு பக்கம், பசைச்சட்டி ஒரு பக்கம், பிள்ளை எதுலயாவது போய்க் கையை வச்சிரக் கூடாதேன்னு இடுப்புல பழைய சேலையைச் சுத்தி நிலைக்கால்ல கட்டிப் போட்டிருப்பா. ரெண்டு வயசுப் பிள்ளை அந்தச் சேலை நீளத்துக்குப் போய்ட்டு வரும், போய்ட்டு வரும். நான்தான் ஒருநாள் பாத்துட்டு, "அடிப் பாவி மகளே, இது என்ன கன்னுக்குட்டியா?"ன்னு கத்தி, கட்டை அவுத்துப் பால்வாடிக்குக் கொண்டுவந்தேன். அதுக்கப்புறம்தான் வேலுத்தாய் கம்பெனி பஸ்ல ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போக முடிஞ்சுச்சு. இப்போ புது எடத்துல நிவி உள்ள போகலைன்னா அவ வேலைக்குப் போக முடியாது, போகலைன்னா பழையபடி வீட்டு வேலை, பழையபடி நிலைக்கால். எனக்கு ராப்பகலா அதே நினைப்பு.

திங்கக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் நிவி அடிப்படியில உக்காந்தே இருந்தா. அம்மா தூக்கிட்டுப் போய் மேல விட்டா, அலறி, உருண்டு, பின்னாலயே எறங்கி மறுபடியும் அடிப்படிக்கு வந்து, ஏறுறதுக்குக் கையைப் போடுவா, முடியாது. ரெண்டு நாளும் கம்பெனி பஸ்ஸு ஆரன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிருச்சு. மூணாவது நாளும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவோம்னு சூப்ரவைசர் சொல்லிவிட்டுட்டான்.

புதன்கிழமை காலையில நான் வாசல் தூத்துனேன். நாலு படி தூத்துனேன், அஞ்சாவதுக்கு வாரியலை எறக்குனா மண்ணு. அடிப்படியைக் காணோம். ஒடஞ்ச தடம் இல்ல, தோண்டுன தடம் இல்ல, நாலே நாலு படி, அதுக்குக் கீழ நல்ல கட்டாந்தரை. நான் நிமிந்து கட்டடத்தைப் பாத்தேன். நம்ம பிள்ளைகிட்டப் பேசணும்னா நாம மெதுவா முட்டியை மடக்குவோமே, அந்த மாதிரி ஒரு மடக்கு அதுக்கு வந்திருந்துச்சு. சரி, ஆரம்பிச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு மீதியைத் தூத்தி முடிச்சேன்.

வேலுத்தாய் வந்தா. "ஏத்தா, பஸ்ஸுல ஏறு. பிள்ளை என்கிட்ட வேப்பமரத்தடியில இருக்கட்டும். படி எறங்கிக்கிட்டு இருக்கு"ன்னேன். அவ நாலு படியையும் எண்ணுனா, என் முகத்தைப் பாத்தா, "நெசமாவா சித்தி?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டு ஓடிப்போய் பஸ்ஸுல ஏறிட்டா. பிழைப்புக்காரிக்கு ஆச்சரியப்பட நேரம் ஏது?

வியாழக்கிழமை இன்னொரு படி உள்ள போச்சு. வெள்ளிக்கிழமை இன்னொண்ணு. சனி ஞாயிறு ஒண்ணும் ஆகல, அரசாங்கக் கட்டடம்தானே, லீவு நாள்ல அதுவும் வேலை செய்யல. திங்கக்கிழமை நாலாவது போச்சு. படி மட்டும் இல்ல, மேற்குப் பக்கத்து ரூமே எறங்குச்சு. சன்னல் எறங்கி, பிள்ளைங்க நின்னபடியே ரோட்டுல போற ஆடு மாட்டை வேடிக்கை பாத்துச்சுங்க, குழாய் எறங்கி அதுங்க கைக்கு வந்துச்சு, தாழ்ப்பாள் எறங்குச்சு, கரும்பலகை எறங்குச்சு. எங்கேயும் ஒரு விரிசல் கிடையாது. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க செங்கல் வரிசையை எண்ணிப் பாத்துட்டு, முந்தி இருந்த அதே நாப்பத்தியொண்ணுதான்னு சொல்லிருச்சுங்க. கிழக்குப் பக்கம், பெரிய வகுப்பு இருக்குற எடம், ரொம்ப எறங்கல. பிரேயருக்கு நிக்கிற பிள்ளைங்க மாதிரி கட்டடம் கிழக்கே ஒசந்து மேற்கே குட்டையா வரிசை கட்டி நின்னுச்சு. மொட்டை மாடியில வருசாவருசம் தேங்கி ஒழுகுன மழைத்தண்ணி அந்தச் சரிவுல வழிஞ்சு, மொத மழைக்கே ஒரு சொட்டு உள்ள விழல. அதுக்காகவே நான் அதுக்கு ஒரு சூடம் கொளுத்துனேன்.

ஊர்ல பேசாத பேச்சில்ல. கரிசல் மண்ணு, மழைக்கு ஊறி எறங்குதுன்னு டீக்கடையில ஆம்பளைங்க சொன்னாங்க. அப்படின்னா பக்கத்துல இருக்குற தண்ணித்தொட்டி ஏன் எறங்கலைன்னு கேட்டா, அது வேற மண்ணுன்னாங்க. புதுசாக் குடிவந்த எடம், கண்ணு பட்டிருச்சுன்னு பொம்பளைங்க ஒரு பூசணிக்காயை வாசல்ல ஒடச்சாங்க. ஒடச்சுட்டு எறங்குன சன்னல்ல சாவகாசமா முழங்கையை ஊனிக்கிட்டு உள்ள இருக்குற பிள்ளைக்குச் சோறு ஊட்டுனாங்க. நாலாவது படி போன அன்னிக்குக் காலையிலயே, மாசாமாசம் நாங்க பிள்ளைங்களுக்கு உயரம் பாக்குற நாளும் வந்துச்சு. பன்னெண்டு பிள்ளைக்கும் பாத்து முடிச்சதும் பத்ரகாளி டீச்சர் அந்தப் பலகையை நிலைவாசல்ல சாத்தி, "இவருக்கும் பாத்துருவோமே"ன்னு கட்டடத்துக்கும் பாத்தாங்க. பிள்ளைங்க எல்லாம் ரெண்டு செண்டிமீட்டர், ஒரு செண்டிமீட்டர்னு ஏறியிருந்துச்சுங்க. இவரு ஒரு மீட்டர் எறங்கியிருந்தாரு.

கஷ்டப்பட்டது ஞானதுரை சாரு ஒருத்தர்தான். சாவிக்கொத்துக்கும் சாப்பாட்டுக்கும் மேற்கு ரூமுக்கு வரும்போதெல்லாம் நெத்தியை நிலையில இடிச்சுக்குவாரு. யாருக்கும் குனிஞ்சு பழக்கமில்லாத மனுசன். மூணாவது இடிக்கு அவரு உக்காந்து மேலிடத்துக்குக் கடுதாசி எழுதிட்டாரு: கட்டடம் தாழ்ந்து வருகிறது, ஆய்வு செய்ய வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் சீத்தாராமுக்குச் சேதி போச்சு. நல்ல பிள்ளைதான், ஆனா எதையும் யோசிக்கிறதுக்கு முந்தியே செஞ்சு முடிச்சிருவான். "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் விழுந்தா நமக்கில்ல கேவலம்!"னு அதே திங்கக்கிழமை மத்தியானம் நாலு பனந்தூணைக் கொண்டுவந்து, தாழ்வாரத்துக்கு அடியில கொடுத்து, ஆப்பு வச்சு இறுக்கி, முட்டுக் கொடுத்துட்டான். மிச்சம் ஒரே ஒரு படி.

அந்த ஒரு படி அப்படியே நின்னுபோச்சு.

செவ்வாய்க்கிழமை நிவி வந்தா. மிச்சம் ஒரு படிதான்னு பாத்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையைப் போட்டா, நெஞ்சைத் தூக்கிப் போட்டா, முக்கால்வாசி ஏறிட்டா, அப்புறம் வழுக்கி, தாடை அந்தப் படி முனையில அடிச்சு, ரத்தம். அழல. திரும்பவும் கையைப் போட்டா. நான் தூக்குனேன், கடிச்சா, கடிக்கட்டும்னு தூக்கிக்கிட்டே நர்ஸம்மாகிட்ட ஓடுனேன், ரெண்டு தையல். மறுநாள் காலையில வேலுத்தாயும் வரல, பிள்ளையும் வரல.

பத்து மணிக்கு நான் அவ வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்துச்சு. நிவி அடுப்புக்கிட்ட உக்காந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கிட்டிருந்தா. வேலுத்தாய் கையில அந்தப் பழைய சேலை.

"என்னத்தா அது?"

"ஒண்ணுமில்ல சித்தி. மடிச்சு வைக்கலாம்னு எடுத்தேன்."

"மடிச்சு வைக்க எதுக்குடி முடிச்சுப் போடுறே?"

அவ சேலையைக் கீழ போட்டுட்டு மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதா. "நான் என்ன செய்யட்டும் சித்தி? பிள்ளையை மரத்தடியில விட்டா மறுபடி அந்தப் படியிலதான் போய் விழுவா. நேத்தே ஏஜெண்டு தீப்பெட்டிச் சாமான் கொண்டுவந்து போட்டுட்டான். பசை காய்ச்சணும். இவ அடுப்புல கையை வச்சா நான் உயிரோட இருப்பனா? கட்டிப்போட்டாத் திட்டுறீங்க, விட்டா வெந்துபோவா. எறங்குது எறங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க எறங்குச்சு?"

"மத்தியானம் வரைக்கும் கட்டாதடி, மத்தியானம் வரைக்கும் பொறு, உனக்குப் புண்ணியமாப் போகும்"னு சொல்லிட்டு வந்த வழியே ஓடுனேன்.

பள்ளிக்கூடத்து வாசல்ல சீத்தாராமு நின்னு தன்னோட பனந்தூணைத் தானே தட்டிப் பாத்துக்கிட்டிருந்தான். "எப்படி அக்கா, அசையுதா பாருங்க"ன்னான். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, "அசையாதுடா, எப்படி அசையும்? உக்காரப் போற மனுசனை ரெண்டு கக்கத்துலயும் கையைக் கொடுத்து நிறுத்தி வச்சிருக்கியே, உன் தாத்தாவை இப்படி நிறுத்தி வைப்பியா? அது விழலடா, உக்காருது! பிள்ளைங்க வந்திருக்குன்னு உக்காருது! நீயும் நானும் உக்காரலை, கல்லும் மண்ணும் உக்காருது, அதையும் விட மாட்டேங்குறீங்களே!"ன்னு கத்துனேன். டீக்கடையில இருந்த அத்தனை பேரும் வந்துட்டாங்க. "அக்கா, முட்டுக்கட்டையை எடுத்துக் கட்டடம் சாஞ்சா யாரு பொறுப்பு?"ன்னு அவன் கேட்டான்.

பதில் சொன்னது ஞானதுரை சாரு. உள்ள இருந்து வந்தாரு, வழக்கம்போல நெத்தியை இடிச்சுக்கிட்டாரு, இடிச்ச எடத்தைத் தேய்ச்சுக்கிட்டே அந்தக் கடைசிப் படியைப் பாத்துக்கிட்டு நின்னாரு. படி முனையில நேத்தைய ரத்தம் காஞ்சிருந்துச்சு. அப்புறம் சட்டைக் கையை மடிச்சுவிட்டு, "நான் பொறுப்பு. கடப்பாரையைக் கொண்டாங்க"ன்னாரு.

பெரிய வகுப்பு, பால்வாடி, எல்லாப் பிள்ளைங்களையும் டீச்சர் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டாங்க. ஒவ்வொரு ஆப்பா அவரே தட்டிக் கழட்டுனாரு. மூணு தூணு வந்துச்சு, ஒண்ணும் ஆகல. நாலாவது வந்ததும் கட்டடத்துக்குள்ள இருந்து ஒரு பெரிய மூச்சு வந்துச்சு, ஒருநாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பாத்தவங்க சாயங்காலம் உக்காரும்போது விடுவாங்களே, அந்த மூச்சு. எங்க கண்ணு முன்னால, பதறாம, அவசரப்படாம, கடைசிப் படி மண்ணுக்குள்ள போச்சு. நிலைவாசல் தரையோட தரையா வந்து நின்னுச்சு. சீத்தாராமு துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, "அட, முன்னமே சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்ல"ன்னான்.

நான் வேலுத்தாயைக் கூட்டிவரப் போகல, அதுக்குள்ள ஊரே போய்ச் சொல்லிருச்சு. அவ பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து வாசல்ல எறக்கி விட்டா. நிவி தாடையில பஞ்சோட கொஞ்ச நேரம் வாசலை மொறச்சுப் பாத்தா. ஒரு கையை உள்ள வச்சா. அப்புறம் இன்னொரு கை. அப்புறம் எங்க யாரையும் திரும்பிப் பாக்காம அந்த வேகத்துல உள்ள போய்ட்டா. உள்ள குழாய் தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு, "நானே!"ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்பாடான்னு நான் மண்ணுல உக்காந்துட்டேன்.

வேலுத்தாய் மறுநாளே பழையபடி கம்பெனி பஸ்ஸுல போனா. அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்க ஊருக்குக் குனியப் பழகுறதுலயே போச்சு. பிள்ளையை விட வர்றவங்க குனிஞ்சாங்க, சிலிண்டர் கொண்டாறவன் குனிஞ்சான், எதிர் எதிர் வீட்டுல ஆறு வருசமாப் பேசாம இருந்த ரெண்டு பேரு ஒரே நேரத்துல குனிஞ்சு, தலையோட தலை முட்டி, வேற வழியில்லாம "வலிச்சுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டாங்க. பொம்பளைங்க தலையில சும்மாடும் சுமையுமா வந்தா எறக்கி வச்சுட்டுத்தான் உள்ள வரணும். ஞானதுரை சாருக்குக் கிழக்கு ரூம்ல நிமிந்து நிக்க எடம் இருந்துச்சு, இருந்தும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேற்கே வந்து தரையில சம்மணம் போட்டு உக்காந்துக்குவாரு. அப்படி உக்காந்தா பிள்ளைங்களும் அவரும் ஒரே மட்டம், அதுல ஒருத்தி அவரு மீசையைப் பிடிச்சு இழுத்தா, விட்டுட்டாரு.

ஆனா எழுதுன கடுதாசி எழுதுனதுதானே. ஐப்பசி மொத வாரம் ஜீப்புல இன்ஜினியர் வந்தாரு. அருணகிரின்னு பேரு, அம்பத்தஞ்சு வயசு, நல்ல தொந்தி, ரெண்டு முட்டியிலயும் பட்டை கட்டியிருந்தாரு. கையில உத்தரவு டைப் அடிச்சே கொண்டுவந்துட்டாரு: கட்டடத்தைக் காலி பண்ணணும், பால்வாடிப் பிள்ளைங்களை நாலு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊருக்கு மாத்தணும். நாலு கிலோமீட்டர்! நிவியை யாரு கொண்டுபோறது? அன்னிக்கு வேலுத்தாய் பஸ்ஸுல ஏறல. பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டைப் பிடிச்சுக்கிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோட நின்னவ நின்னவதான், அசையல.

"சார், உள்ள வந்து பாருங்க"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"பாக்க என்னம்மா இருக்கு? வெளிய இருந்தே தெரியுதே, எறங்கியிருக்கு. எறங்குன கட்டடம் ஆபத்து. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"உக்காந்த ஆளு விழுவாரா, நிக்கிற ஆளு விழுவாரா, சொல்லுங்க சார்"ன்னு நான் கேட்டேன். அவரு என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "ஏம்மா, எனக்கு முட்டி மடங்காது. அந்த வாசல்ல நான் எப்படி நுழைய? பாக்காமதான் எழுதணும்"ன்னாரு. கோபமா சொல்லல, பாவமாத்தான் சொன்னாரு.

அப்போ ஞானதுரை சாரு முன்னால வந்தாரு. "கடுதாசி எழுதுனது நான். என் தலை இடிச்சதுன்னு எழுதுனேன், கட்டடம் என்ன செஞ்சதுன்னு எழுதல. அந்தத் தப்பை நீங்களும் பண்ணாதீங்க. கையைப் பிடிச்சுக்கோங்க சார்." ஆறடி ரெண்டு அங்குலம் முட்டி போட்டுக் கையை நீட்டுனதும் இன்ஜினியருக்கு வேற வழி இல்ல. முனங்கிக்கிட்டே, கையை ஊனி, முட்டியை ஊனி, வாசல்ல தலையைக் கொடுத்தாரு. தலை போச்சு, தோள் போச்சு, தொந்தி மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல.

உள்ள இருந்து கையை ஊனி ஊனி நிவி வந்தா. அவ பிறந்ததுல இருந்து பெரியவங்களை அண்ணாந்துதான் பாத்திருக்கா. இவ்வளவு பெரிய ஆளு ஒருத்தரு அவளை மாதிரியே, அவ மட்டத்துல, கையை ஊனிக்கிட்டு நிக்கிறதை அன்னிக்குத்தான் பாக்குறா. கொஞ்ச நேரம் அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா.

"உனக்குத் தெரியல"ன்னா. "மொதல்ல கையை வைக்கணும். இந்தா, இங்க. முட்டியை இழுக்காத, வலிக்கும். இடுப்பை இப்படி ஆட்டணும்." அவரு கையை எடுத்துத் தள்ளி வச்சா. அவரு இடுப்பை ஆட்டுனாரு. "இன்னும் ஆட்டு"ன்னா. ஆட்டுனாரு. வந்துட்டாரு. "ஆங். நீயே வந்துட்டே, பாத்தியா?"ன்னா.

அப்புறம் முக்கால் மணிநேரம் அவரு வெளிய வரல. சுத்தியலால சுவத்தைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு, தட்டுன எடத்துலயெல்லாம் பின்னாலயே சின்னக் கை ஒண்ணு தட்டுற சத்தமும் கேட்டுச்சு, நடுவுல அவரு சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. வரும்போது மீசையில சத்துமாவு. நிமிர முடியாம, வாசல்லயே தரையில காலை நீட்டி உக்காந்து, கொண்டுவந்த உத்தரவைத் திருப்பிப் போட்டு அதோட பின்பக்கத்துல எழுதி, ஞானதுரை சாருகிட்ட நீட்டுனாரு. சாரு சத்தம் போட்டு வாசிச்சாரு:

"கட்டடம் உறுதியாக உள்ளது. பால்வாடி இங்கேயே தொடரலாம். உள்ளே செல்லும் பெரியவர்கள், தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளவும்."

நான் டீச்சரைக் கட்டிப் பிடிச்சு அழுதேன், டீச்சர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க, சீத்தாராமு எதுக்கு அழுதான்னு எனக்குத் தெரியாது. வேலுத்தாய் மட்டும் அழல. கேட்டைப் பிடிச்சிருந்த கையை எடுத்தா, சாப்பாட்டுத் தூக்கை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துனா. மத்தியான ஷிப்டு பஸ்ஸு திருப்பத்துல ஆரன் அடிச்சுச்சு. "சித்தி, நான் வாரேன்"னா. அவ்வளவுதான். பிள்ளை என்ன செய்யுதுன்னு எட்டிக்கூடப் பாக்காம போய் ஏறிட்டா.